கம்பம் நேராகத்தான் இருந்தது

தேன்மொழி,

இந்தக் கடிதத்தை ஆபீஸில் நின்றுகொண்டோ ரயிலில் தொங்கிக்கொண்டோ படிக்காதே. ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. முடித்ததும் உடனே அம்மாவுக்குப் போன் போட்டுவிடாதே, ஏனென்றால் இதில் இருக்கும் ஒரு விஷயம் அவளுக்கும் இன்னும் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறப்போகிறாய். இந்த நேரத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதுகிற அப்பனை என்னவென்று சொல்வது என்று இரண்டு நாளாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். திட்டி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் வலது கண் கெட்டுக்கொண்டிருக்கிறது. நான் மிகவும் பயந்துபோயிருக்கிறேன். நீ என்னைச் சேர்த்துவிட்ட ஓவியக் குழுவிலும் இதே கடிதத்தைப் போடப்போகிறேன். அங்கே என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களில் யாருக்காவது இது நேரத்துக்கு உதவலாம்.

நான் ரிட்டயர் ஆன பிறகு ஊரில் படுத்தியபாடு உனக்கு ஞாபகம் இருக்கும். முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக இருந்தவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. போகிற வருகிற இடத்தில் எல்லாம் இது கோணல், அது கோணல் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டிய காம்பவுண்டைப் பார்த்து நாலு விரல் உள்ளே வந்திருக்கிறது என்று சொன்னேன், அவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பொங்கலுக்கு வந்த நீதான், "அப்பா, இப்படியே போனா ஒங்களுக்குப் பால்காரர் மட்டுந்தான் மிச்சம். ஒரு நோட்டு வாங்கித் தர்றேன், வரையக் கத்துக்கங்க" என்று சொல்லி, உன் சிநேகிதி நடத்தும் அந்தக் குழுவில் என் நம்பரைச் சேர்த்துவிட்டாய். நீ சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. உனக்குச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் நீ நம் வீட்டை வரைந்து என்னிடம் கொண்டுவந்து காட்டியதும், நான் அதைப் பிடுங்கி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு கோட்டையும் நேராக்கித் தந்ததும் நினைவுக்கு வந்தது. உன் வீடு கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். நான் திருத்தித் தந்த வீட்டை நீ பள்ளிக்குக் கொண்டுபோகவே இல்லை. அதற்குப் பிறகு நீ வரைந்து நான் பார்த்ததும் இல்லை. அது தப்பு என்று அன்றே தெரியும். இவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

குழு நடக்கும் விதம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. வரைவதற்கு முன்னால் ஆராய வேண்டும் என்றார்கள். வாய்க்காலை வரைவதானால் காலையில் தண்ணீர் என்ன நிறம், உச்சிவெயிலில் என்ன நிறம், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மற்றவர்கள் தண்ணீரை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துக் குறிப்பெழுதி, சின்னச் சின்னதாகப் பத்துப் படம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தாளைத் தொட வேண்டும். சனிக்கிழமை படத்தைக் குழுவில் போட்டால் ஆளாளுக்குக் குறை சொல்வார்கள். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் விதி. தாசில்தாரிடமே வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை நான், இங்கே நிற்க வேண்டியிருந்தது. முதல் படமாகக் கொல்லைத் தென்னையை வரைந்தேன். பழக்கதோஷத்தில் மேலே இருந்து பார்ப்பதுபோல் ஒரு வட்டமும் சுற்றிக் கோடுகளும் போட்டு, பக்கத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் போட்டிருந்தேன். நாகூரில் தையல் கடை வைத்திருக்கும் ஜெஸிமா என்கிற பெண் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது படமா, பட்டாவோட குடுக்குற மேப்பா? பருந்துக்குத்தான் மரம் இப்படித் தெரியும். கீழ நின்னு பாருங்க" என்று குரல் அனுப்பினாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு ஒரே இடத்தைப் பன்னிரண்டு வாரம் வரைய வேண்டும் என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நான் நம் கொல்லைப்புறத்தை எடுத்துக்கொண்டேன். வாய்க்கால், அதற்கு அப்பால் நாற்றங்கால், பம்புசெட் கொட்டகை, அதை ஒட்டி நிற்கும் மின்கம்பம். பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவெடுக்கச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் பிழைப்பே அதுதானே! வயலில் கொடி நட்டு, பின்னால் நின்று, இடது கண்ணை மூடி வலது கண்ணால் நேர் பார்த்தே காலம் தள்ளியவன். என் மேலதிகாரி ஒருவர், "ரெண்டு கண்ணு ஏமாத்தும்யா, ஒத்தக் கண்ணுதான் அளக்கும்" என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். பென்சிலைத் தூக்கினால் இடது இமை தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பயிற்சிக்கும் வாராவாரம் அப்படித்தான் வரைந்தேன்.

நாலாவது வாரத்திலிருந்து குழுவில் ஒரே பேச்சாக இருந்தது. வரப்பு நன்றாக வந்திருக்கிறது, தண்ணீரில் வானம் தெரிகிறது, ஆனால் கம்பம் ஏன் நடுவில் வளைந்திருக்கிறது என்று கேட்டார்கள். ஒருவர் கை நடுக்கம் என்றார், இன்னொருவர் தாளைச் சாய்த்து வைத்திருப்பேன் என்றார். கோணல் என்று ஊரையே சொன்னவனைப் பார்த்துக் கோணல் என்கிறார்கள், எனக்கு எப்படி இருந்திருக்கும்? பேச முறை வந்ததும், "இருப்பதைத்தான் வரைந்திருக்கிறேன். கம்பம் வளைந்துதான் இருக்கிறது. நான் சர்வேயர்" என்று எழுதினேன். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தபோது கம்பம் எனக்கும் ஏறக்குறைய நேராகத்தான் தெரிந்தது. அதைப் பார்க்காமல் விடவில்லை நான். பார்த்துவிட்டு, இரண்டு கண்ணும் சேர்ந்து ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டினேன். ஒற்றைக் கண் காட்டியதை நம்பினேன். தேன்மொழி, என் மடத்தனம் முழுவதும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

அதோடு விட்டேனா? கம்பம் விழுந்தால் நடவு ஆட்கள் மேல் விழும் என்று மின்வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். லைன்மேன் தம்பி பாவம், வெயிலில் பைக்கில் வந்தார். கம்பத்தைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார். "சார், கம்பம் குத்துக்கல்லு மாதிரி நிக்கிது. எங்க வளைஞ்சிருக்கு, காட்டுங்க" என்றார். நான் நின்ற இடத்திலிருந்தே இடது கண்ணை மூடிக்கொண்டு, "அதோ, ஆள் உயரத்துக்கு மேல, வலது பக்கமா பிதுங்குது பாருங்க" என்று விரலால் காட்டினேன். அவர் கம்பத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நல்லதுங்க சார், எழுதிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பெரியவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய்ப் பழைய தூக்குக்குண்டை எடுத்துவந்தேன். கொத்தனார்கள் சுவருக்குப் பிடிப்பார்களே, நூலில் கட்டிய இரும்புக் குண்டு, அதுதான். ஏணி போட்டு ஏறி நூலைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டேன். இறங்கி வந்து பழைய இடத்தில் நின்று, இடது கண்ணை மூடிப் பார்த்தேன்.

நூலும் வளைந்திருந்தது. கம்பம் வளைந்த அதே இடத்தில், அதே அளவுக்கு.

குண்டு கட்டித் தொங்கும் நூல் வளையாது. காற்றில் ஆடும், அறுந்து விழும், ஆனால் வளைந்து நிற்காது. அதை வைத்துத்தானே நான் சோறு தின்றேன்! பட்டப்பகல், பக்கத்து வயலில் ஆட்கள் பேசிக்கொண்டே நாற்றுப் பறிக்கிறார்கள். நான் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இடது கண்ணைத் திறப்பேன், நேராகும். மூடுவேன், வளையும். எத்தனை தரம் மூடித் திறந்தேன் என்று தெரியாது. அம்மா வாசலில் இருந்து, "ஏணிய எடுத்து வச்சிட்டு சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. குழுவில் படமும் போடவில்லை.

அந்தப் பத்து நாளில் என்னென்னவோ நினைத்தேன். குருடனாகிவிட்டால் கொல்லைக்குப் போக ஆள் கையைப் பிடிக்க வேண்டுமே என்று நினைத்தேன். உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அதன் முகம் எனக்குத் தெரியாமலே போய்விடுமோ என்று நினைத்தேன். இவற்றைவிட என்னை அதிகம் அரித்தது வேறொன்று. ரிட்டயர் ஆகிற வருஷம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நிலம் பிரித்துக் கல் நட்டேன். தம்பிக்காரர் கல் தள்ளிப் போயிருக்கிறது என்று கத்தினார். "முப்பத்தஞ்சு வருஷக் கண்ணு, தப்பாது" என்று அவர் வாயை அடைத்தேன். இன்றைக்கும் அந்த இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வதில்லை. அப்போதே இந்தக் கண் பொய் சொல்லிக்கொண்டிருந்ததா? பின்னால் கண் டாக்டரிடம் போனபோது அதைக் கேட்டேன். அவ்வளவு காலம் ஆகியிருக்காது, இது கொஞ்ச மாதத்துக்குள் வந்ததாகத்தான் தெரிகிறது என்றார். இருந்தும் எனக்கு அந்தக் கல்லின் நினைப்பு போகவில்லை. கண் சரியானால் இன்னொருவரை வைத்து அதை மறுபடி அளக்கச் சொல்வதாக இருக்கிறேன்.

என்னை டாக்டரிடம் துரத்தியது ஜெஸிமாதான். நான் படம் போடாமல் இருந்ததைக் கவனித்துவிட்டு, பழைய படங்களை எல்லாம் எடுத்து ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு கம்பத்தின் மேலும் சிவப்புக் கோடு போட்டுக் குழுவில் இல்லாமல் எனக்குத் தனியாக அனுப்பினாள். கூடவே குரல். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கை நடுங்குனா கோடு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாதிரி போவும். ஒங்களுக்கு எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல, ஒரே பக்கமாத்தான் வளையுது. கொட்டகை ஓரத்தையும் பாத்தேன், நீங்க உத்துப் பாக்குற எடத்துல அதுவும் லேசா வளையுது. கம்பத்துக்குக் கோளாறு இல்லண்ணே. கண்ணக் காட்டுங்க. எங்க வாப்பாவும் கண்ணு தெரியலன்னு சொல்லாமயே இருந்துட்டாங்க, நாங்க விட்டுட்டோம்." முகம் பார்க்காத ஒரு பெண், துணிக்கு அளவெடுக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில், என் பதினோரு படத்தையும் அடுக்கி வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். உன் வேலையில் யாராவது இப்படிப் பொறுமையாக உன் தப்பைக் காட்டினால், பதில் சொல்ல அவசரப்படாதே. ஒரு நாள் பொறு. நான் பொறுத்திருந்தால் எட்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டக்கூட இல்லை, புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தஞ்சாவூரில் கண் டாக்டர் முதலில் என் கையில் கொடுத்தது கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு சின்ன அட்டை. படத்தைப் பெரிதாக்க நாங்கள் குழுவில் போடும் கட்டங்கள் மாதிரியே இருந்தது, சிரிப்பு வந்தது. இடது கண்ணை மூடி அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நடுக் கட்டங்கள் எல்லாம் நனைந்த துணிபோல் சுருங்கிக் கிடந்தன. டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். "அய்யா, கண்ணுக்குப் பின்னால படம் விழுற எடத்துல ரத்தக்குழாய் கசியுது. இது கண்ணாடி போட்டா சரியாவுற விஷயம் இல்லைங்க. கண்ணுக்குள்ள ஊசி போடணும். ஒண்ணோட முடியாது, மாசாமாசம் சில தடவை போடணும். இப்பப் போட்டா இருக்குறதக் காப்பாத்தலாம், கொஞ்சம் திரும்பவும் வரலாம். தள்ளிப்போட்டா போனது போனதுதான். எடது கண்ணுலயும் லேசாப் புள்ளி இருக்கு, அதையும் பாத்துக்கிட்டே வரணும்." கண்ணுக்குள் ஊசி என்ற இடத்திலேயே என் காது அடைத்துவிட்டது. மற்றதெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டு வந்து எனக்குத் திரும்பச் சொன்னது.

இனி சொல்லப்போவதுதான் அம்மாவுக்குத் தெரியாதது. ஊசிக்கு நாள் குறித்த அன்று நம் வயலில் நடவு. "ஆளுங்க வந்து நிக்கிது, நான் எப்படி வர்றது? நாளைக்கு மாத்திச் சொல்லட்டுமா?" என்று அம்மா கையைப் பிசைந்தாள். நான் வீரன்போல், "ஒரு ஊசிக்கு ரெண்டு பேரு எதுக்கு? நானே போயிட்டு வந்துர்றேன்" என்று பஸ் ஏறினேன். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் உள்ளே போய், கண்ணில் பஞ்சு ஒட்டிக்கொண்டு நடந்து வெளியே வந்தார், காப்பி வேண்டும் என்று மகனிடம் கேட்டார். அதைப் பார்த்தும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு முள் மாதிரி ஊசி நேராக என் கண்ணை நோக்கி வருவதும், அது வருவதை நானே பார்த்துக்கொண்டிருப்பதும்தான் மனதில் ஓடியது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன், தேன்மொழி. எழுந்து வெளியே நடந்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வந்த முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மருந்து விட்ட கண்ணில் வெயில் பட்டுக் கூசியது. பாதி வழியில் ஒரு மருந்துக் கடையில் இறங்கி, பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி, நானே கண்ணில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நடவிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த அம்மா, "வலிச்சுதா?" என்று கேட்டாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றேன். கேட்டுத் தெரிந்துவைத்திருந்தபடி ஒரு வாரம் என்னைத் தலைக்குக் குளிக்கவிடவில்லை, தூசியில் போகவிடவில்லை. வேளை தவறாமல், "மேல பாருங்க, அசையாதீங்க" என்று மோவாயைப் பிடித்து, டாக்டர் முன்பே எழுதிக்கொடுத்திருந்த சொட்டு மருந்தை விட்டாள். போடாத ஊசிக்கு! நான் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஊரான் நிலத்தில் ஒரு அங்குலம் பொய்யாக எழுதியவன் இல்லை நான், என் பெண்டாட்டியிடம் இப்படி ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். பயம் ஒரு மனிதனை எவ்வளவு கேவலமாக்கும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். பயந்ததற்காக நான் வெட்கப்படவில்லை, அதை மறைத்ததற்காக வெட்கப்படுகிறேன். நீ தெரியாத ஊருக்குப் போகிறாய், அங்கே உனக்கும் பயம் வரும். வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடு. என்னிடம் சொல்ல வேண்டாம், அம்மாவிடம் சொல். அவள் பயப்படுகிறவர்களைத் திட்டுவதில்லை.

இது நடந்து மூன்று வாரமாகிறது. நேற்றுக் காலையில் நூலைத் திரும்பத் தொங்கவிட்டுப் பார்த்தேன். முன்பு வளைந்து தெரிந்த இடத்தில் இப்போது நூலே இல்லை. மேலே இருக்கிறது, கீழே இருக்கிறது, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறமாக ஏதோ நிற்கிறது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். போனை எடுத்த நர்ஸ் என்னைத் திட்டவில்லை. "உங்கள மாதிரி எழுந்து போனவங்க நெறைய பேருங்கய்யா. வியாழக்கிழமை காலையில வந்துடுங்க. கூட யாரையாவது அழைச்சிட்டு வாங்க" என்றாள்.

நீ ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாய். அதை மாற்றிப் புதன்கிழமையே வந்துவிடு. பயணத்தை நிறுத்திவிடாதே, நிறுத்தினால் நான் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று மிரட்டலாம் என்று பார்த்தேன், ஆனால் போன தடவை ஓடிவந்தவன் சொல்லும் மிரட்டலுக்கு என்ன மரியாதை? செவ்வாய்க்கிழமை நீ கட்டாயம் போ. அடுத்தடுத்த ஊசிக்கெல்லாம் அம்மா இருப்பாள். இந்த ஒரு தடவை மட்டும் நீ வேண்டும். வந்ததும் அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை நீயே வாசித்துக் காட்டு. நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், அவள் முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் போவோம். என் பெயரைக் கூப்பிடுவார்கள். ஒரு நிமிஷம், பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று உன்னிடம் சொல்வேன். சத்தியம்கூடப் பண்ணுவேன். என்னை நம்பாதே. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போ.

அப்பா